ஒன்பது பேர் ஏறிய வள்ளம்

றெஜினா சோற்றுப் பானையால் கடலை இறைத்துக்கொண்டிருந்தாள். 1985ஆம் ஆண்டு யூன் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபது. சுவிஸ் நாட்டில் பேர்ண் நகரத்தின் மேற்குப் பக்கம், பஸ் வளைந்து திரும்புகிற கடைசித் தரிப்பிடத்துக்கு எதிரே நிற்கும் எட்டு மாடிக் கட்டடம். அதில் மூன்றாம் மாடி, இடதுகைப் பக்க வீடு. அள்ளிக் குளியல்தொட்டியில் ஊற்றினாள். ஊற்ற ஊற்றப் படுக்கையறைப் பக்கமிருந்து திரும்ப வந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நின்றது தண்ணீர். சின்னதாக அலை அடித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்த சூட்கேஸ் மிதந்து வந்து அவள் காலில் இடித்தது.

வீட்டுக்காரன் கிறகோரி, அவளுடைய அக்கா புருஷன், கட்டிலில் கால்களை மடக்கிக்கொண்டு இருந்தான்.

"அத்தான், இறங்கி ஒரு கை பிடியுங்கோவன்! கீழ்வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடப்போறாள்."

கிறகோரி விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு," என்றான்.

"பைப் உடைஞ்சால் உப்பேன் வருகுது?"

"பைப் உடையேல்லை, றெஜி."

அதற்குள் அப்வார்ட் வந்துவிட்டார். அந்த ஊரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. அதை அப்வார்ட் என்பார்கள். படி துடைப்பது, குப்பைப் பை பார்ப்பது, யார் எந்தக் கிழமையில் உடுப்புத் தோய்க்கலாம் என்று அட்டவணை போடுவது எல்லாம் அவர்தான். சுர்புகன் என்ற இந்த மனுசன் ஐம்பத்தெட்டு வயதில் எதற்கும் வாய் பிளக்காதவர். குனிந்து வாசல்படியைப் பார்த்தார். தண்ணீர் அந்தப் படியில் கத்தியால் வெட்டியதுபோல நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. கீழ்வீட்டுக்குப் போய்க் கூரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. மேலே வந்து மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். பன்னிரண்டு பத்துக்குத் தண்ணீர் வற்றத் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் ஒரு கைப்பிடி சாதாளைப் பாசியும் இரண்டு மட்டியும் மட்டும் தரையில் கிடந்தன. செவ்வாய்க்கிழமை இந்த வீட்டாருடைய தோய்க்கிற நாள் அல்ல என்று சொல்லிவிட்டு சுர்புகன் இறங்கிப் போனார்.

கடல் முந்தி வந்தது. கடிதம் மூன்று கிழமை பிந்தி வந்தது.

எழுதியவர் சவிரிமுத்து, பேசாலையில் வள்ளம் வைத்திருப்பவர். கிறகோரியின் மனைவி மரியகொறற்றி யூன் பதினாறாம் திகதி ஞாயிறு பொழுதுபட்டபின் தன்னுடைய வள்ளத்தில் இராமேசுவரத்துக்கு ஏறினாள் என்று எழுதியிருந்தார். அவளோடு சேர்த்து ஒன்பது பேர். கடல் பால்போலக் கிடந்தது. நேவிக்காரன் வரவில்லை, வெடிச்சத்தம் இல்லை. கொறற்றி நடுப் பலகையில், இரண்டு பொம்பிளைகளுக்கு நடுவே இருந்தாள். பயத்தில் மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு செபமாலை சொன்னார்கள். திங்கள் விடிய மணல்திட்டில் இறங்கி எண்ணியபோது எட்டுப் பேர். அந்த இரண்டு பொம்பிளைகளும் கைகோத்தபடியே இருந்தார்கள், ஆனால் ஒருத்தியின் கை மற்றவளின் கைக்குள் இருந்தது. நடுவில் ஆள் இருந்த இடமே இல்லை. தண்ணீரில் விழுந்த சத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை. 'நான் முப்பது வருசம் கடலுக்குப் போறவன் தம்பி, கடல் சத்தமில்லாமல் ஆளை எடுத்ததை நான் காணவில்லை, கையெழுத்து, சவிரிமுத்து' என்று முடிந்தது கடிதம்.

கடல் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நாளுக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்று. மன்னார்க் கடலில் எப்படியோ அப்படியே, ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடப் பிந்தியது. நகரசபைப் பொறியியலாளர் வந்து சுவரெல்லாம் தட்டிப் பார்த்து, கசிவு எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார். தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய்ச் சோதித்தவர்கள், இது இந்த நாட்டுத் தண்ணீர் அல்ல, ஆகவே தங்கள் பொறுப்பு அல்ல என்றார்கள். வீட்டு நிர்வாகம் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் அனுப்பியது: இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையிலும், மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரையும், அலைச்சத்தம் அயலாருக்கு இடைஞ்சல் தரக்கூடாது. சுர்புகன் கீழே தோய்க்கிற அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டவணை ஒட்டினார். மூன்றாம் மாடிக் கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிமிட முள் படித்தது அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் என்று சொல்வார்கள்.

கிறகோரி வேலைக்குப் போனான், வந்தான். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. வந்ததும் கதிரைகளை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிக்கொள்வான். தண்ணீரில் கால் வைக்கமாட்டான். அதில் வந்த கீளி, ஓரா மீன்களைப் பிடிக்கவும் மாட்டான், கறிவைக்க விடவும் மாட்டான்.

றெஜினா வேறு வீட்டில், இரண்டு பெட்டைகளோடு ஒரு அறையில் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுகளுக்கு உருளைக்கிழங்கு வைக்கிற வேலை. பெருக்கு நேரமும் லீவு நேரமும் ஒத்துவருகிற நாளிலெல்லாம் அத்தான் வீட்டுக்கு வந்து, மேசையில் ஏறி இருந்து தண்ணீரைப் பார்ப்பாள். அக்கா சத்தமில்லாமல் போனவள். வந்தாலும் சத்தமில்லாமல்தான் வருவாள். பார்க்காமல் விட்டால் தவறிவிடும் என்பது அவள் கணக்கு.

அவளோடு வேலைசெய்த யோகாம்பாள், இணுவில் மனுசி, ஐம்பது வயது, வாய்க்குப் பூட்டில்லாதவள். ஒருநாள் கிழங்குத் தட்டத்துக்கு மேலாகக் கேட்டாள்.

"எனக்கொண்டு விளங்கேல்லையடி. கொத்தான் கிறகோரிக்கு எண்பத்தஞ்சு பங்குனியிலை அகதிக் கேசுக்குப் பொசிற்றிவ் கிடைச்சுது. இந்த ஊரிலை தமிழனுக்குப் பொசிற்றிவ் கிடைக்கிறது ஆனைக்கு இறக்கை முளைச்ச மாதிரி. அப்பிடிக் கிடைச்ச மனுசன் பெண்சாதியை விசாவிலை, பிளேனிலை, கையிலை ஹாண்ட்பாக்கோடை கூப்பிட்டிருக்கலாம். ஏன் வள்ளத்திலை ஏத்தினவர்?"

"தெரியாது அன்ரி."

"கேட்டனியோ?"

"கேட்டனான். 'அது அப்பிடித்தான் றெஜி' எண்டார்."

"அது அப்பிடித்தானோ? நல்ல மறுமொழி! என்ரை மனுசன் எண்டால் நான் அகப்பைக்காம்பாலை கேட்டிருப்பன்."

றெஜினாவுக்கும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தான் வந்தது கள்ள வழி. கொழும்பிலிருந்து கிழக்கு பேர்லின், அங்கிருந்து நிலத்துக்குக் கீழ் ஓடுகிற ரயிலில் மேற்கு, பிறகு ஒரு லொறிக்குள் முட்டைக்கோசோடு முட்டைக்கோசாக எல்லை. அக்காவுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் வீட்டில் வைத்திருந்தார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவள், பேப்பரில் போவாள், மகாராணி மாதிரிப் போவாள் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். கடைசியில் தங்கச்சி முன்னே வந்துசேர, அத்தானிடமிருந்து அக்காவுக்கு வந்த அறிவித்தல்: 'இந்தியாவுக்கு வள்ளத்தில் வா. அங்கே ஏஜென்சிக்காரன் நிற்பான்.' கொறற்றி கடற்கரையில் பிறந்தும் கடலுக்குப் பயந்தவள்.

அடுத்த வருசம், ஆடி அமாவாசைக்கு, யோகாம்பாள் ஒரு எவர்சில்வர்ச் செம்போடு மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள். செத்துப்போன தகப்பனுக்கு விரதம். கடலில் முழுகினால்தான் அது விரதம். இந்த நாட்டில் மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கடல் எங்கே இருக்கிறது?

"தம்பி கிறகோரி, நீங்கள் வேதக்காரர், குறைநினையாதேங்கோ. மூண்டு முழுக்குத்தான். முழுகிப்போட்டு ஓடியிடுவன்."

கிறகோரி கதவைத் திறந்துவிட்டுக் கட்டிலில் ஏறிக்கொண்டான். யோகாம்பாள் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், சேலையோடு இருந்து முழுகி, எள்ளும் தண்ணீரும் விட்டு அழுதாள். எண்பத்தேழில் ஆராவ், லோசான் நகரங்களிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வந்தார்கள். கீழ்வாசல்வரை வரிசை. சுர்புகன் படியில் நின்று, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, ஈரச்சேலையோடு லிப்டில் ஏறவேண்டாம் என்று கையால் காட்டினார். பதினொரு தகப்பன்மாரும் மூன்று அண்ணன்மாரும் அன்று அந்தப் படுக்கையறையில் கரைசேர்ந்தார்கள். கொறற்றிக்கு மட்டும் ஒன்றும் செய்யமுடியவில்லை. செத்தாள் என்று ஒரு பேப்பர் இல்லாமல் ஆத்துமப் பூசை வைக்க ஊர்ச் சுவாமி மறுத்துவிட்டார்.

அதோடு, செத்தாள் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. எட்டுப் பேரில் ஒருவர், மண்டபம் அகதி முகாமில் கூப்பன் வரிசையில் கொறற்றியைப் பின்பக்கமாகக் கண்டதாக எழுதினார். நாகப்பட்டினத்தில் ஒரு கன்னியர்மடத்தில் பேச்சில்லாத ஒரு பொம்பிளை இருக்கிறாள், சிலுவை அடையாளம் இடதுகையால் போடுகிறாள் என்று ஒரு கடிதம். கொறற்றி இடதுகைக்காரி. றெஜினா அங்கே எழுதி, படம் வாங்கிப் பார்த்தாள். யாரோ ஒரு மலையாளத்து மனுசி. நேவிக்காரன் பிடித்துப்போய்க் காரைநகரில் வைத்திருக்கிறான் என்றும் கதை வந்தது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு மாதம் நம்பினாள், ஒரு மாதம் படுத்தாள். மூன்று வருசம் இப்படிப் போனது.

எண்பத்தெட்டு ஆவணியில் அவளுக்கு நெகற்றிவ் வந்தது. கேஸ் தள்ளுபடி, நாட்டைவிட்டு வெளிக்கிடத் தவணை முப்பது நாள். அந்த நேரம் மன்னாரில் இந்திய ஆமி நின்றது. வயதுவந்த பெட்டையை எந்தத் தாயும் அங்கே திரும்பிவா என்று சொல்லமாட்டாள். அம்மாவின் கடிதம் அதே கிழமை வந்தது. சுற்றிவளைக்காமல் எழுதியிருந்தாள். 'மூத்தவள் இனி வரமாட்டாள். எனக்கு வயிறு சொல்லுது. அத்தானைக் கட்டு. ஊரிலை நடக்காததில்லை. ஒரு பிள்ளையாவது எனக்கு மிஞ்சட்டும்.'

கடிதத்தை மேசைமேல் இருந்து வாசித்தாள் றெஜினா. கீழே பெருக்கு. கட்டிலில் அத்தான்.

"வாசிச்சியோ?" என்றான் அவன். அவனுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது.

"வாசிச்சன்."

"உனக்கு விருப்பமில்லாட்டி வேண்டாம். பேப்பருக்கு மட்டும் கட்டுவம். நீ உன்ரை அறையிலை இரு."

"எப்பிடிக் கட்டுறது? அக்கா செத்ததுக்குப் பேப்பர் எங்கை? பேப்பர் இல்லையெண்டால் நீங்கள் இப்பவும் கலியாணம் கட்டின ஆள்."

கிறகோரி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேப்பருக்குப் பிரச்சினை இல்லை."

"மன்னார்க் கச்சேரியிலை எடுத்திட்டியளோ? எப்ப எடுத்தனியள்? அம்மாவுக்கே குடுக்கேல்லையே."

"பிரச்சினை இல்லையெண்டு சொல்லுறனெல்லே."

அவள் அன்று முழுக்க அழுதாள். ஆமென்றால் அக்காவைத் தன் கையால் சாகடிக்கவேண்டும். இல்லையென்றால் முப்பதாம் நாள் பிளேன். ஒன்பது நாள் யோசித்தாள். பத்தாம் நாள், புரட்டாதி தொடங்கமுதல், கலியாணம் பதிகிற பதிவுக் கந்தோருக்குப் போனார்கள்.

மொழிபெயர்க்க வந்தவர் தில்லைநாதன். ஊரில் கணித வாத்தியார். இங்கே கந்தோர்களில் தமிழருக்கும் சுவிசாருக்கும் நடுவில் உட்கார்ந்து சொன்னதைச் சொல்லுகிற வேலை. தன் பக்கத்திலிருந்து ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று பெயர். பதிவதிகாரி மெலிந்த மனுசி, மூக்கில் தொங்குகிற கண்ணாடி. கோப்பைப் புரட்டி, தடை எதுவும் இல்லை, திரு கிறகோரி தபுதாரர், மனைவியை இழந்தவர் என்று பதிவாகியிருக்கிறது என்றாள். அகதி விசாரணையில் அவரே கொடுத்த வாக்குமூலம்; அதிகாரிகள் ஏற்றுக்கொண்டது. முறைக்காக ஒருதரம் வாசிக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வாசித்தாள். தில்லைநாதன் வரிவரியாகத் தமிழில் சொன்னார். மனைவி மரியகொறற்றி. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் கடலில் இறந்தாள். வள்ளத்தில் ஒன்பது பேர் ஏறினார்கள். எட்டுப் பேர் இறங்கினார்கள். சத்தம் கேட்கவில்லை. உடல் கிடைக்கவில்லை.

"யா," என்றான் கிறகோரி.

றெஜினாவுக்கு உள்ளே என்னவோ இறங்கியது, கிட்டத்தட்ட ஆறுதல். அத்தான் அப்போதே கந்தோரில் சொல்லிவைத்திருக்கிறார். மூன்று வருசம் வாய்திறக்காதவர் இங்கே சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தில் இறந்தவளின் தங்கை என்ற இடத்திலும் மணப்பெண் என்ற இடத்திலும் அவள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பேனையை எடுத்தாள்.

"அண்ணை, திகதி என்ன போட்டிருக்கினம்? அம்மாவுக்கு எழுதவேணும். பூசைக்குக் குடுக்க."

தில்லைநாதன் கேட்டார். அதிகாரி விரலால் காட்டினாள். தில்லைநாதன் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் பார்த்தார். பிறகு கிறகோரியைப் பார்த்தார். கிறகோரி நிலத்தைப் பார்த்தான். தில்லைநாதன் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தமிழில் சொன்னார்.

றெஜினா பேனையை மேசையில் வைத்தாள்.

கதவுக்குக் கீழாலே தண்ணீர் வந்தது அப்போதுதான். பின்னேரம் மூன்று ஐந்து. அட்டவணைப்படி அன்றைய பெருக்கு நேரம். வரவேண்டிய இடம்தான் வேறு. மேசைக்காலைச் சுற்றி வந்து, கதிரைகளுக்குக் கீழே பரவி, அடித்தட்டுக் கோப்புகளைத் தொட்டது. அதிகாரி சப்பாத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அடித்தட்டுக் கோப்புகளை மேல்தட்டுக்கு மாற்றினாள். திரும்ப வந்து இருந்து, ஏதாவது பிழையா என்று கேட்டாள்.

"தங்கச்சி," என்றார் தில்லைநாதன், தன் வாழ்க்கையில் முதல்தரம் இன்னொருவர் சொல்லாத வசனத்தைத் தானாகச் சொல்லியபடி. "பிழையெண்டு நீங்கள் சொன்னால், நான் பிழையெண்டு சொல்லுவன். இவரின்ரை பொசிற்றிவ் போயிடும். உங்களுக்கு இன்னும் இருபது நாள் கிடக்கு. ரெண்டு பேரும் ஒரே பிளேன்."

"நான் வேணுமெண்டு செய்யேல்லை றெஜி," என்றான் கிறகோரி.

"நீங்கள் கதையாதேங்கோ."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. வீட்டில் அது ஒருநாளும் அவ்வளவு ஏறியதில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தாள். நாலு மணிக்குக் கந்தோர் பூட்டு. றெஜினா பேனையை எடுத்து இரண்டு இடத்திலும் தமிழில் எழுதினாள், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. மரியகொறற்றி. மணப்பெண் இடத்திலும் மரியகொறற்றி. அதிகாரிக்கு அந்த எழுத்து வடிவான பூவேலையாகத் தெரிந்தது. தில்லைநாதன் வாசித்தார். சரியா என்று அதிகாரி கேட்டதற்கு, சரி என்று மொழிபெயர்த்தார். முத்திரை விழுந்தது. இரண்டு கிழமை கழித்துக் கலியாணப் பதிவிலும் அதே கையெழுத்து. சட்டப்படி றெஜினா தப்பினாள். எழுத்துப்படி கிறகோரி கட்டியது முன்பு கட்டியவளைத்தான்.

அத்தான் வீட்டுக்கு அவள் பிறகு போகவில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை. மூன்றாம் மாடி அன்றோடு காய்ந்துவிட்டது. சுர்புகன் அட்டவணையைக் கிழித்து, கடதாசிக் குப்பை எடுக்கிற நாளில் கட்டிவைத்தார். கடல் பதிவுக் கந்தோருக்கு மாறியது. அங்கே அலுமாரிகளை அரை மீற்றர் உயர்த்தினார்கள், அதிகாரிக்கு ஒரு சோடி றப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள், பெருக்கு நேரத்துக்கு நாள்குறித்த மணமக்கள் வெறுங்காலோடு நின்று மோதிரம் மாற்றினார்கள். ஆடி அமாவாசைக்கு முழுக வருகிறவர்கள் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. றெஜினா வேலை முடிந்ததும் வந்து வாங்கில் இருந்து தண்ணீரைப் பார்ப்பாள். ஒருவரும் அவளை ஏனென்று கேட்கவில்லை.

தில்லைநாதன் அன்று சொன்ன திகதி, 1984 ஒக்டோபர் ஒன்பது. வள்ளம் வெளிக்கிட எட்டு மாதம் முந்தி. அகதி விடுதியில் தம்பித்துரை என்றொருவர் இருந்தார், புதிதாக வருகிறவர்களுக்குக் கேஸ் சொல்லிக்கொடுக்கிறவர். உயிரோடு இருக்கிற பெண்சாதி கேசுக்குப் பாரம், கடலிலே செத்தவளை ஒருவரும் தோண்டிப் பார்க்கமாட்டான் என்று சொல்லி, ஒன்பது பேர், எட்டுப் பேர், சத்தமில்லை என்று பாடமாக்கிக் கொடுத்தவர் அவர்தான். கிறகோரி அதை ஒரு எழுத்துப் பிசகாமல் அதிகாரிகளுக்கு ஒப்புவித்தான். செத்தவளாகப் பதிந்தவளுக்குப் பிறகு விசா கேட்க அவனுக்கு வழியில்லாமல் போனது. அந்த ஒக்டோபர் ஒன்பது ஒரு செவ்வாய்க்கிழமை. பேசாலையிலிருந்து மன்னார் ரவுணுக்கு பஸ் ஏறி, தங்கச்சியின் நல்ல சட்டையை இரவல் வாங்கி உடுத்து, ஸ்ரூடியோக்காரன் சிரிக்காதேங்கோ பிள்ளை, பாஸ்போட்டுக்கு ஆகாது என்று மூன்றுதரம் சொல்லியும் அடக்கமுடியாமல், கொறற்றி அன்று பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.